பழங் கணிப்பொறியும் கடவுச்சொல்லும்

வீட்டிற்கு வாயிலும், வாயிலுக்குக் கதவும், கதவுக்குத் தாழும் வேண்டுமென்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், பன்னாளாகத் திறந்தே கிடந்த கதவொன்று ஒருநாட் காலையில் வீட்டுக்குரியவனையே நோக்கி, "நீ யார்?" என்று வினவுமாயின் அவன் திகைத்து நிற்பானன்றோ? பழைய கணிப்பொறியை இயக்கப் புகுவோர்க்கு இத்தகைய திகைப்பு நேர்வதுண்டு. முன்னெல்லாம் விசையை அழுத்திய சிறிது நேரத்தில் தன்பால் உள்ளவற்றையெல்லாம் காட்டிய பொறி, இன்று பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாளா நிற்கின்றது. கேட்கும் சொல் யாது என்பதை அறிந்தார் ஒருவருமிலர். இந்நிலையிற் செய்யத் தக்கது யாது, தகாதது யாது என்பதையும், இவ்விடர் நேராதபடி பொதுநிலையங்கள் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு யாது என்பதையும் குறித்து என் கருத்தை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

இஃதோர் அற்ப விஷயம் என்று சிலர் எண்ணலாம். இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையிலுள்ள கடற்கரைப் பகுதியில் வாழ்வோர் அங்ஙனம் எண்ணார். துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் சார்ந்த இப்பகுதியில், பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட கணிப்பொறிகள் வாசகசாலைகளுக்கும், மீனவர் சங்கங்களுக்கும், ஆலயத்தைச் சார்ந்த இளைஞர் கூடங்களுக்கும் கொடையாக வந்து சேர்கின்றன. இவையன்றி, 2011-ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டு அரசினர் மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கினர். அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளிற் பெறப்பட்டவை இன்று முதுமை எய்திவிட்டன. விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்திற்கு அதனை ஆக்கியோர் அளித்துவந்த பராமரிப்பு 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ஆம் நாள் முடிந்தது. விண்டோஸ் 10 என்பதற்கு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் அவ்வாறே முடிவு வந்தது. ஆண்டுதோறும் பழங் கணிப்பொறிகளின் தொகை பெருகுகின்றது. அவற்றோடு, மறந்துபோன கடவுச்சொற்களின் தொகையும் பெருகுகின்றது.

முதற்கண் இச்சொல்லின் பொருளை நோக்குவோம். கடவுச்சொல் என்பதிற் கடவுளைக் காண்பார் சிலர் உளர். ஈண்டுக் கடவு என்பது வழி என்னும் பொருளது. வெளிநாடு செல்வார் கையிற் கொள்ளும் சீட்டைக் கடவுச்சீட்டு என்று வழங்குவதும் இதுபற்றியே. எனவே கடவுச்சொல் என்பது வழிவிடுக்கும் சொல்லேயாம். வழியை அடைத்தல் அதன் நோக்கமன்று. உரியாரை அறிந்து விடுத்தலே அதன் நோக்கம்.

கணிப்பொறி வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-ஆம் ஆண்டிலே பெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே காலத்திற் பயன்படுத்தும் முறையொன்றை அமைத்தனர். பெரியதோர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற அப்பொறியைப் பலரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தமையால், இன்னார்க்கு இவ்வளவு நேரம், இன்னாருடைய ஏடுகள் இவை என்று வகுத்தற்பொருட்டு, ஒவ்வொருவர்க்கும் ஒரு சொல் வழங்கப்பட்டது. கணிப்பொறியிற் கடவுச்சொல்லைக் கையாண்ட முதன் முறைகளுள் அது தலையாயது. மறு ஆண்டிலேயே ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சியாளர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டுத் தோன்றிய காலத்திலேயே அதனைத் திறக்கும் உபாயமும் தோன்றிவிட்டது எனலாம். ஆயினும் நாம் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு: கடவுச்சொல் பிறந்தது பொதுப்பொருளைப் பலர் ஒழுங்காகப் பங்கிட்டுக் கொள்ளுதற்கே.

வாயிலில் நின்று வினவும் வழக்கம் மிகவும் பழைமையானது. அதனை நன்மைக்கும் பயன்படுத்தலாம், தீமைக்கும் பயன்படுத்தலாம். திருமறையில் நியாயாதிபதிகள் ஆகமத்திலே, கீலேயாத்தியர் யோர்தானின் துறைகளைப் பிடித்துக்கொண்டு, கடக்க வந்த ஒவ்வொருவனையும் 'ஷிபோலேத்' என்று சொல்லும்படி கேட்டனர் என்று காண்கின்றோம். அதனைச் 'சிபோலேத்' என்று சொன்னவர் உயிரிழந்தனர். அவ்வாறு மாண்ட எப்பிராயீமர் 42,000 பேர். ஈண்டு ஒரு சொல்லே கொலைக்கருவியாயிற்று. நம் சிலப்பதிகாரத்திலோ, பாண்டியன் கோயில் வாயிலில் வந்து நின்ற கண்ணகியைக் கண்ட வாயிலோன் அவளைத் துரத்தினானல்லன். தானே உள்ளே விட்டானுமல்லன். அரசனிடம் சென்று அறிவித்து, அவனுடைய ஆணை பெற்றே அவளை உள்ளே விடுத்தான். காவலுக்கு இலக்கணம் இதுவே. காவலன் கேட்க வேண்டும். உள்ளிருந்து விடையளிக்க ஒருவரும் இருக்க வேண்டும். பழங் கணிப்பொறியின் வருத்தம் யாதெனில், காவலன் இருக்கின்றான், அவனுக்கு ஆணையிடுவார் சென்றுவிட்டனர் என்பதே.

இனி, எதிர்பாராத இவ்வினா எவ்வெவ்வாறு தோன்றும் என்பதைச் சிறிது விரிப்போம். கேட்பவர் யார் என்பதை அறியாமல் விடை தேடுதல் வீண் முயற்சியாகும்.

இயங்குதளம் எழுவதற்கு முன்னரே, திரையிற் சின்னம் யாதும் தோன்றாமுன், கடவுச்சொல் கேட்கப்படுமாயின், கேட்பது தாய்ப்பலகையில் உறையும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலாகும். பழைய மேசைக் கணினிகள் பலவற்றில், தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவான சிறு மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றி வைத்தால் இச்சொல் மறைந்துவிடும். மடிக்கணினிகள் பலவற்றிலோ அச்சொல் வேறொரு சில்லில் எழுதப்பட்டிருத்தலால் இம்முறை பயன்படாது.

விண்டோஸ் 95, 98 என்பவற்றிற் றோன்றும் பெட்டி பெரும்பாலும் வலைப்பின்னலிற் சேர்தற்குரிய கேள்வியேயன்றி, பொறிக்குக் காவலன்று. எஸ்கேப் என்னும் விசையை அழுத்தினால் அது விலகிவிடும். அதனைப் பெரும்பூட்டென்று அஞ்சிப் பொறியையே கைவிட்டாரும் உண்டு.

விண்டோஸ் எக்ஸ்பியிலோ வேறொரு விந்தை நேர்ந்தது. டாட்நெட் 1.1 என்னும் துணைநிரலை நிறுவியவுடன் ஏஎஸ்பிநெட் என்னும் பெயரால் ஒரு கணக்குத் தானே தோன்றியது. அதுகாறும் கேள்வியின்றித் திறந்துவந்த பொறி, அதன்பின் வாயிலில் நின்று பயனரை வினவத் தலைப்பட்டது. பயனர் செய்த குற்றம் யாதுமில்லை, கள்வர் புகுந்ததுமில்லை. ஆயினும் பலர் நச்சுநிரல் புகுந்துவிட்டதென அஞ்சினர்.

அரசினர் வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. இது மத்திய அரசினரின் சீடாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக்கொண்டு ஆக்கியது. பொறியை இயக்கும்போது தோன்றும் பட்டியலில் இதனை அறியாமற் றெரிந்தெடுத்தவர், முன்பின் கண்டறியாத புகுபதிகைத் திரையைக் கண்டு மயங்குவர். மேலும், லினக்ஸின் கருந்திரையிற் கடவுச்சொல்லைத் தட்டச்சிடுங்கால் எழுத்தோ புள்ளியோ ஒன்றும் தோன்றாது. அதனைக் கண்டு விசைப்பலகை பழுதென்று எண்ணுவார் பலர். வட்டு நிரம்பிவிட்டாலும் வழக்கமான வண்ணத்திரை எழாமல் இக்கருந்திரை மட்டுமே எஞ்சுதலுண்டு. இவற்றையெல்லாம் அறிந்தவர்க்கு அச்சமில்லை.

எங்கள் பகுதியிற் கடலோரத் தெருவொன்றின் வாசகசாலையில் நிகழ்ந்ததொன்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவேன். அங்கே கணிப்பொறி ஒன்று பல்லாண்டாகக் கேள்வியின்றித் திறந்துவந்தது. அச்சுப்பொறிக்கென இளைஞர் ஒருவர் புதிய நிரலொன்றை நிறுவினார். மறுநாள் முதற் பொறி கடவுச்சொல்லைக் கேட்டது. கேட்ட காலமோ பொல்லாத காலம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் வீடிழந்த குடும்பங்களின் பெயர்களை, அடுத்த ஆண்டிலே வாசகசாலையார் தெருவாரியாகத் திரட்டி அப்பொறியில் எழுதி வைத்திருந்தனர். கணவனைக் கடலுக்கு ஈந்த முதியவள் ஒருத்தி, தான் அத்தெருவில் வாழ்ந்தவள் என்பதற்கு அப்பட்டியலின் படியொன்றை வேண்டி வந்திருந்தாள். அவள் பெயர் உள்ளே இருந்தது. அவளோ வெளியே நின்றாள்.

வந்து பார்த்த பழுதுபார்ப்போர் ஒருவர், "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது" என்றார். அவருக்கு அது வேலை முடிவு. அம்மூதாட்டிக்கோ அது வழக்கின் முடிவு. நல்லவேளையாக வாசகசாலையின் மூத்த உறுப்பினர் ஒருவர் அதற்கு இசையவில்லை. பழைய செயலாளர் திருவொற்றியூரில் மகன் வீட்டில் இருப்பதாக அறிந்து ஆள் அனுப்பினர். வந்த பெரியவர் கண்ணாடியை அணிந்துகொண்டு தம் தந்தையாருடைய படகின் பதிவெண்ணைத் தட்டினார், பொறி திறந்தது. அச்சொல்லை அறிந்தவர் உலகத்தில் அவர் ஒருவரே. அவருக்கோ எழுபத்தெட்டு வயது.

துன்பம் அத்துடன் தீரவில்லை. பட்டியலைப் புதிய கணிப்பொறிக்கு மாற்றிய பின், பெயர்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசினர் வகுத்த டாப் என்னும் குறியீட்டு முறையில் அவை எழுதப்பட்டிருந்தன. 2010-ஆம் ஆண்டிலே அரசினர் யூனிகோடைத் தரமாக ஏற்றபின் அப்பழைய எழுத்துருக்கள் அருகிவிட்டன. குறியீட்டை மாற்றும் நிரலொன்றின் உதவியால் யாங்கள் ஒருநாள் முழுதும் இருந்து அப்பெயர்களை மீட்டோம். கடவுச்சொல் வெளிக்கதவாயின், எழுத்துருக் குறியீடு உட்கதவாயிற்று. தமிழ் பயில்வார்க்கு இதிலோர் எச்சரிக்கை உண்டு. ஓலைச் சுவடிகள் கறையானால் அழிந்தமையை எண்ணி இரங்குகின்றோம். நம் தந்தையர் தட்டச்சிட்ட தமிழ், கறையான் இல்லாமலே நம் கண்முன் அழிந்துகொண்டிருக்கின்றது.

ஆதலின், எதிர்பாராத புகுபதிகைத் திரை தோன்றுமிடத்துக் கைக்கொள்ளத் தக்க முறை இதுவென்பது என் துணிபு. திரையில் உள்ளதை முழுதும் படித்து, கேட்பது பயாஸோ, விண்டோஸோ, லினக்ஸோ என்று தெளிக. பேரெழுத்து விசை அழுத்தப்பட்டிருக்கின்றதா என்று நோக்குக. மடிக்கணினியாயின் எண் விசையையும் நோக்குக. இவ்விரண்டினாலும் சரியான சொல் பிழையாவதுண்டு. அதன்பின், அப்பொறியை முன் ஆண்டவர் யார், புதிதாக எது நிறுவப்பட்டது என்று கேட்டறிக. விடை கிடைக்காவிடின், வட்டிலுள்ளவற்றை முதலிற் படியெடுக்க. வட்டு மறைகுறியாக்கம் செய்யப்படாததாயின், வேறோர் இயங்குதளத்தைச் சிறு நினைவுக்கோலிலிருந்து எழுப்பி ஏடுகளைப் படியெடுத்தல் அறிந்தார்க்கு அரிதன்று. அழித்து நிறுவுதல் என்பது எல்லா வழியும் அடைபட்ட பின்னர், உரியவர் அனைவரும் இசைந்த பின்னரே செய்யத் தக்கது.

"இவ்வளவு எளிதிற் படியெடுக்கக் கூடுமாயின், கேட்பானேன்? உடைத்துப் புகுவோமே" என்பார் சிலர் உளர். இவர்கள் கூற்றிற் பாதி உண்மை. பழங் கணிப்பொறியின் கடவுச்சொல் இரும்புப் பெட்டியன்று; சிறு கொண்டியே. அதனை நீக்கித்தரும் கைவினைஞர் ரிச்சி தெருவிற் பலர். ஆயினும் கொண்டி எளியது என்பதனால் வீடு நமதாகிவிடாது. உரியவர் இசைவின்றிப் பிறர் கணிப்பொறியிற் புகுதலைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, தன் 43-ஆம் பிரிவிலே விலக்குகின்றது. வஞ்சக நோக்கத்தோடு அங்ஙனம் செய்தார்க்கு 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்க, பொதுநிலையத்தின் பொறியில் ஒருவருடைய மருத்துவக் குறிப்பும், மற்றொருவருடைய குடும்ப வழக்கும், வேறொருவருடைய கடன் கணக்கும் இருக்கக்கூடும். பொறி சங்கத்தினுடையதாயினும் அச்செய்திகள் அவரவருடையன. ஆகவே, திறக்கும் வல்லமை உடையவன் தனித்துத் திறத்தல் ஆகாது. நிலையத்தின் குழுவினர் கூடி, எழுத்தில் இசைவு தந்து, இருவர் முன்னிலையிற் றிறப்பதே முறை.

இனி, நோய் வருமுன் காக்கும் வழியைக் கூறுவேன். வாசகசாலையாரின் இடருக்கு வேர் எங்கே உள்ளது? நிரலை நிறுவிய இளைஞர்பால் இல்லை. முதியவரான செயலாளர்பாலும் இல்லை. அவர் நாற்பதாண்டு கைம்மாறு கருதாது உழைத்தவர். பொதுப் பொறியின் திறவுகோலை ஒரு மனிதருடைய நினைவிலே வைத்துவிட்டு, அப்பதவிக்கு உரியதாக அதனை வையாமையே குறை. நிலையத்தின் கட்டடத்திற்குத் திறவுகோல் இருக்கின்றது. செயலாளர் மாறும்போது அது கைம்மாறுகின்றது. கணக்குப் புத்தகமும் முத்திரையும் அவ்வாறே கைம்மாறுகின்றன. கடவுச்சொல் மட்டும் அவரோடு வீட்டிற்குப் போய்விடுகின்றது. ஒருநாள் அவரோடு கல்லறைக்கும் போய்விடும்.

இதற்குப் பெரும்பொருட் செலவு வேண்டுவதில்லை. நம் திருச்சபைகளிற் காணிக்கைப் பெட்டியை ஒருவர் தனித்துத் திறவாமல், இருவர் முன்னிலையில் திறந்து எண்ணும் நல்வழக்கம் உண்டு. அவ்வழக்கத்தையே கணிப்பொறிக்கும் விரிக்கலாம். பொறியின் கடவுச்சொல்லையும் பயாஸின் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி, உறையிலிட்டு, இருவர் கையொப்பமிட்டு மூடி, நிலையத்தின் இரும்புப் பெட்டியில் வைத்தல் வேண்டும். திறக்கப்பட்டால் திறந்த நாளும் காரணமும் பதிவேட்டில் எழுதப்படுதல் வேண்டும். செயலாளர் மாறும்போது பழைய சொல்லை மாற்றிப் புதிய உறை வைத்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஏடுகளை வேறொரு வட்டிற் படியெடுத்து, பழைய எழுத்துருவில் உள்ளவற்றை யூனிகோடாக மாற்றி வைத்தல் வேண்டும். பொறியைக் கொடையாக அளிப்போரும் தம் கணக்குகளை நீக்கி, புதியவர்க்குரிய சொல்லைத் தாளில் எழுதி உடன் தருதல் கடமையாம்.

"கடவுச்சொல்லைத் தாளில் எழுதலாகாது என்றன்றோ கற்பிக்கின்றனர்?" என்று வினவுவார்க்கு ஒன்று கூறுவேன். மேசைமேல் ஒட்டிவைத்தல் தவறே. ஆனால் இரும்புப் பெட்டியில் இருவர் பொறுப்பில் வைத்தல் அத்தகையதன்று. எழுதாமையால் களவு நீங்கும் என்று அஞ்சிக் காக்கின்றோம். எழுதாமையாலேயே பட்டியல் முழுதும் அழிய இருந்ததைக் கண்டோம். இரு தீங்குகளையும் எடைபோட்டு நடப்பதே அறிவுடைமை.

மாணவ நண்பர்களே! இவ்வேலை முதியோர்க்குரியதென்று நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. அவர்கள் செய்தியைத் திரட்டி வைத்தனர். பொறியைக் கையாளும் பயிற்சி நமக்கே மிகுதியாக வாய்த்துள்ளது. கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியிலுள்ள ஒரு வாசகசாலைக்கோ சங்கத்திற்கோ சென்று, அங்குள்ள பழங் கணிப்பொறியின் கடவுச்சொல் யாரிடம் உள்ளது என்று கேட்டு, உறையிலிட்டு வைக்கச் செய்வோமாயின், அது சிறு தொண்டாயினும் நிலைத்த தொண்டாகும். கேட்பதற்குரிய காலம், விடையளிப்பார் உயிரோடிருக்கும் காலமே. அக்காலத்தைத் தவறவிட்டபின் பொறியை நொந்து பயனில்லை.